கைமாறிய கித்தார்கள்: ஜார்ஜ் ஹாரிசனின் கதை

செந்தூலில் வசிக்கும் என் தாய்மாமா தம்முடைய பழைய மின்கித்தாரை விற்றுவிட முடிவு செய்தார். இளவயதில் இரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே மெல்லிசைக் குழு ஒன்றில் வாசித்தவர் அவர். வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானில் மகளோடு போய் இருக்கப்போகிறார். மகளின் அடுக்குமாடி வீட்டில் கித்தாருக்கும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் இடமில்லை. கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜப்பான் கித்தார், ஃபெண்டரைப் பார்த்துச் செய்த மலிவு நகல், 300 வெள்ளிக்கு மேல் தேறாது என்று சொல்லிவிட்டான்.

மாமா வருத்தப்பட்டது பணத்துக்காக அல்ல. அந்தக் கித்தார் எந்தெந்த மேடையில் ஒலித்தது என்று அந்தப் பையன் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் அவருடைய குறை. உலகத்தில் பழைய கித்தார்கள் இலட்சக்கணக்கில் விலை போவதாகக் கேள்விப்பட்டிருக்கிறேனே, உண்மையா, பார்த்துச் சொல் என்று என்னிடம் கேட்டார். பார்த்தேன். உண்மைதான். பார்க்கப் பார்க்க ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. 2024 நவம்பரில் அமெரிக்காவின் நேஷ்வில் நகரில் நடந்த ஏலத்தில் கித்தார் ஒன்று 12 இலட்சத்து 70 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. அதுவும் ஃபெண்டரைப் பார்த்துச் செய்த மலிவு நகல்தான்! செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது. பியூச்சுராமா என்று பெயர். அதை ஒருகாலத்தில் வைத்திருந்தவர் ஜார்ஜ் ஹாரிசன்.

பீட்டில்ஸ் குழுவின் நால்வரில் இளையவர் ஹாரிசன். நம் தலைமுறைக்கு அவர் பெயர் மட்டும் தெரியும். நம் தாத்தா, மாமா தலைமுறைக்கு அப்படியல்ல. 1960களில் இந்நாட்டு இளைஞர்களைப் பிடித்தாட்டிய பாப் யே யே இசைக்கு அந்தப் பெயர் வந்ததே பீட்டில்ஸ் பாட்டில் வரும் யே யே என்ற கூவலால்தான். மலாய் இளைஞர்கள் மலாயில் பாடினார்கள். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் அதே கித்தாரில் எம்.எஸ். விசுவநாதனையும் வாசித்தார்கள், பீட்டில்ஸையும் வாசித்தார்கள்.

ஹாரிசன் 1943 பிப்ரவரி 25ஆம் நாள் இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் பிறந்தார். தந்தை பேருந்து நடத்துநர். தாய் கடையில் வேலை பார்த்தவர். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்த வரிசை வீடு. நம் பழைய இரயில்வே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பதின்மூன்று வயதில் பள்ளித் தோழன் ஒருவனிடமிருந்து அவருக்கு முதல் கித்தார் கிடைத்தது. விலை மூன்று பவுண்டு பத்து ஷில்லிங். தாய்தான் பணம் கொடுத்தார். வாங்கிய சில நாளிலேயே கழுத்தைப் பிடித்திருந்த திருகாணியை ஏன் என்று தெரியாமலே கழற்றப்போக, கழுத்து தனியாகவும் உடல் தனியாகவும் கையோடு வந்துவிட்டது. பயந்துபோய் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டார். பிறகு அண்ணன் பீட்டர் அதைச் சரிசெய்து கொடுத்தார். அதன் பின்புதான் விரல் நுனி காய்த்துப்போகும்வரை பயிற்சி. பள்ளிப் பேருந்தில் தம்மைவிட ஒரு வகுப்பு மூத்த பால் மெக்கார்ட்னியோடு பழக்கம் ஏற்பட்டது. 1958இல் ஜான் லெனனின் குழுவில் சேருவதற்கு, இரட்டைத்தட்டுப் பேருந்தின் மேல் தட்டில் உட்கார்ந்து ஒரு மெட்டை வாசித்துக் காட்டினாராம். அப்போது அவருக்கு வயது பதினைந்து நிரம்பவில்லை என்றும் சொல்வார்கள், இப்போதுதான் நிரம்பியது என்றும் சொல்வார்கள்.

பள்ளிப் படிப்பு ஏறவில்லை. 1959இல் லிவர்பூலின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில் மின்பணியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தார். விளக்குகளைத் துடைப்பதும் பல்பு மாற்றுவதும்தான் வேலை. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவ்வாண்டு நவம்பரில் தவணை முறையில் பியூச்சுராமாவை வாங்கினார். அமெரிக்காவின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்மேல்தான் அவருக்கு ஆசை. ஆனால் அது பிரிட்டனில் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை எட்டாது. போர் முடிந்த பிறகு அமெரிக்கப் பொருள்களை இறக்குமதி செய்யப் பிரிட்டன் தடை போட்டிருந்தது. அந்தத் தடை 1959இல்தான் நீங்கியது. அதனால் ஒரு தலைமுறை பிரிட்டிஷ் பையன்கள் ஐரோப்பிய நகல்களில்தான் கைபழகினார்கள். நம்மூர்ப் பையன்கள் ஜப்பான் நகல்களில் கைபழகியதும் அதே போன்ற காரணத்தால்தான். மாமா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தச் செக் நகலைத் தூக்கிக்கொண்டுதான் ஹாரிசன் 1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் போனார். இரவு விடுதிகளில் விடிய விடிய வாசிப்பு. திரையரங்கின் பின்புறத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில் படுக்கை. பதினேழு வயதுதான் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்ததும் நவம்பரில் நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். 1961இல் மீண்டும் போனார். அந்த ஜூனில் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணியாகப் பீட்டில்ஸ் வாசித்த ஒலிப்பதிவிலும் இந்தப் பியூச்சுராமாதான். வாசிக்கக் கடினமான கித்தார் அது. கம்பிகள் பலகையிலிருந்து உயரமாக நிற்கும். விரலை வைத்து அமுக்கினால் வலிக்கும்.

அவ்வாண்டே லிவர்பூல் நாளேட்டில் ஒரு சிறு விளம்பரம் வந்தது. கப்பல் பணியாளர் ஒருவர் நியூயார்க்கில் வாங்கி வந்த கறுப்பு நிறக் கிரெட்ச் டூயோ ஜெட் விற்பனைக்கு. ஹாரிசன் அந்த வீட்டைத் தேடிப் போனார். கேட்ட விலை 90 பவுண்டு, கையில் இருந்தது 70. மீதி 20 பவுண்டைப் பிறகு தருவதாக, கித்தாரோடு வந்த சுங்கத் தாளின் பின்புறத்திலேயே கடன்சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் வாங்கிய முதல் உண்மையான அமெரிக்கக் கித்தார் அதுதான். பீட்டில்ஸின் முதல் இசைத்தொகுப்பில் கேட்பதும் அதுதான். அந்தக் கப்பல்காரர் வாசலில் நின்ற பதினெட்டு வயதுப் பையனைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? 20 பவுண்டு வராமல் போய்விடுமோ என்றுதான் நினைத்திருப்பார்.

இதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1962 அக்டோபரில் முதல் இசைத்தட்டு. 1963இல் பிரிட்டன் முழுவதும் பித்துப் பிடித்தது. 1964 பிப்ரவரி 9ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 இலட்சம் பேர். அதே பயணத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் புதிதாகச் செய்த பன்னிரண்டு கம்பி மின்கித்தாரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். தவணை கட்டி வாங்கிய பையனுக்கு இப்போது செய்கிறவர்களே இலவசமாகக் கொண்டுவந்து தந்தார்கள்.

நான் சொல்ல விரும்புவது இனிமேல்தான் தொடங்குகிறது. கித்தார்கள் குவியக் குவிய ஹாரிசன் பழையவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். விற்றார் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் தூக்கிக் கொடுத்தார்.

பியூச்சுராமா முதலில் போனது. 1964இல் இசைக்கருவிகளுக்கான பிரிட்டிஷ் மாத இதழ் ஒன்று வாசகர் போட்டி நடத்தியது. பரிசாகக் கொடுங்கள் என்று ஹாரிசன் அதை அனுப்பிவைத்தார். போட்டியில் வென்றவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! கித்தார் வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பரிசுப் பொருள் இதழாசிரியரிடமே தங்கிவிட்டது. அறுபது ஆண்டு கழித்து அது 12 இலட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. ஹாரிசனின் கித்தார்களில் ஏலத்தில் அதுவரை எதுவும் அந்த விலையைத் தொட்டதில்லை. அந்தப் பரிசாளரை நினைத்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் 1964இல் அவர் செய்தது சரியான கணக்குத்தான். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசிக்கக் கடினமான மலிவுக் கித்தார் எதற்கு?

கிரெட்ச் டூயோ ஜெட்டை ஹாம்பர்க் காலத்து நண்பரான ஓவியர் கிளாவுஸ் ஃபோர்மனிடம் கொடுத்துவிட்டார். அது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவரிடமே இருந்தது. 1964இல் செய்த, 1966இல் ரிவால்வர் தொகுப்பில் வாசித்த சிவப்பு நிறக் கிப்சன் எஸ்.ஜி.யைப் பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாம் என்ற இளைஞருக்குத் தந்தார். ஃபெண்டர் நிறுவனம் 1968இல் அவருக்கென்றே முழுக்க ஈட்டி மரத்தில் இழைத்த டெலிகாஸ்டர் இன்னொன்று. 1969 ஜனவரி 30ஆம் நாள் இலண்டனில் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் கடைசியாக வாசித்த நிகழ்ச்சியில் அவர் கையில் இருந்தது அதுதான். அதே ஆண்டு டிசம்பரில் டெலனி பிராம்லெட் என்ற அமெரிக்கப் பாடகருக்கு அதையும் கொடுத்துவிட்டார்.

ஏன் இப்படி? அவர் கருவிகளை மதிக்காதவர் அல்லர். என் கருத்தில் இதற்குப் பாதி விடை கித்தாரில் இல்லை, சிதாரில் இருக்கிறது.

1965இல் திரைப்பட படப்பிடிப்புத் தளம் ஒன்றில் இந்திய இசைக்கலைஞர்கள் வைத்திருந்த சிதாரைத் தூக்கிப் பார்த்தார் ஹாரிசன். பிறகு இலண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடையில் மலிவான சிதார் ஒன்றை வாங்கி, அக்டோபரில் நார்வேஜியன் வுட் என்ற பாட்டில் முறையாகக் கற்காமலே வாசித்துவிட்டார். 1966 ஜூனில் இலண்டனில் பண்டிட் ரவி சங்கரைச் சந்தித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பம்பாய்க்குப் போனார். இரசிகர் கூட்டம் கண்டுபிடித்துவிட்டதால் ஸ்ரீநகரின் படகு வீட்டுக்குப் போய்ப் பயின்றார். உலகமே காலடியில் கிடந்தபோது, இருபத்து மூன்று வயதில், ஒரு குருவின் முன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கால் மரத்துப்போக, அடிப்படைப் பயிற்சியை முதலிலிருந்து கற்றவர் அவர். இரண்டு ஆண்டு கழித்து, தாம் நல்ல சிதார்க் கலைஞர் ஆகமுடியாது என்பதை அவராகவே உணர்ந்தார். சிறுவயதில் தொடங்கியவர்களின் பயிற்சிக்குத் தம் பயிற்சி ஈடாகாது என்று புரிந்துகொண்டு கித்தாருக்கே திரும்பினார். ஆனால் பழைய கித்தாராளராகத் திரும்பவில்லை. விரலில் கண்ணாடிக் குழலை மாட்டிக் கம்பியின்மேல் வழுக்கி வாசிக்கும் முறையைக் கைக்கொண்டார். சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவாமல் இழைந்து செல்லும் அந்த நாதத்தில் நம் கமகத்தின் சாயல் கேட்கும். இசைத்துறை மாணவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

1965 காலத்தில் அவர் வைத்திருந்த சிதார் ஒன்றும் நண்பருக்குப் பரிசாகப் போனது. கல்கத்தாவில் செய்த அந்தச் சிதார் 2017இல் ஏலத்துக்கு வந்தது. கிடைத்த விலை 62,500 டாலர். அதே மனிதர், ஏறத்தாழ அதே காலம்! செக் நாட்டு நகல் கித்தாரின் விலையில் இருபதில் ஒரு பங்கு. அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய வைத்த கருவிக்கு அவ்வளவுதான் மதிப்பு. ஏலக் கூடத்துக்கு வருகிறவர்கள் தங்கள் இளமையை வாங்க வருகிறார்கள். அவர்கள் இளமையில் சிதார் இல்லை போலும்.

கொடுத்துக்கொண்டே போன அந்த மனிதர் ஒரே ஒரு கித்தாரை மட்டும் துரத்திப் பிடித்தார். அது 1957இல் செய்த கிப்சன் லெஸ் பால். முதலில் பொன்னிறம். ஜான் செபாஸ்டியன், ரிக் டெரிங்கர் என்ற அமெரிக்கக் கலைஞர்களின் கைகளில் இருந்து, தொழிற்சாலைக்குப் போய்ச் சிவப்பு வண்ணம் பூசப்பட்டுத் திரும்பியது. வண்ணம் மாறியதும் டெரிங்கருக்குப் பிடிக்காமல் போய்விட்டது; நியூயார்க் கடையில் விற்றுவிட்டார். அங்கே அதை வாங்கியவர் எரிக் கிளாப்டன். 1968இல் நண்பர் ஹாரிசனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ஹாரிசன் அதற்கு லூசி என்று பெயர் வைத்தார். செந்நிறக் கூந்தலுக்குப் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகை லூசில் பாலின் நினைவாக.

லூசி வந்த சில வாரங்களில், செப்டம்பர் 6ஆம் நாள், ஹாரிசன் எழுதிய பாட்டு ஒன்றின் ஒலிப்பதிவு. கித்தார் அழுவதைப் பற்றிய பாட்டு. குழுவில் மற்றவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. பீட்டில்ஸுக்குள் ஹாரிசனின் நிலை அப்போது அப்படித்தான் இருந்தது. லெனன், மெக்கார்ட்னி பாட்டுகளுக்குப் பிறகு மிஞ்சிய இடம்தான் இளையவருக்கு. அவர் ஒரு காரியம் செய்தார். கிளாப்டனைக் கையோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்தார். வெளியார் வந்ததும் எல்லாரும் ஒழுங்காக வாசித்தார்கள். அன்று கிளாப்டன் வாசித்தது லூசியைத்தான். கொடுத்தவரே அதைக் கடன் வாங்கி வாசித்தார்!

1973இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் இருந்த ஹாரிசனின் வீட்டில் திருட்டு நடந்தது. லூசியும் போய்விட்டது. திருடியவன் அதை இசைக்கருவிக் கடை ஒன்றில் விற்றான். அந்தக் கடையிலிருந்து மெக்சிகோ இசைக்கலைஞர் ஒருவர் விவரம் அறியாமல் காசு கொடுத்து வாங்கி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். செய்தி எட்டியதும் ஹாரிசன் தரப்பினர் அவரோடு தொடர்பு கொண்டார்கள். அவர் அதைச் சும்மா கொடுக்கவில்லை. 1958இல் செய்த இன்னொரு லெஸ் பாலையும், ஃபெண்டர் பேஸ் கித்தாரையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் லூசியைத் திருப்பித் தந்தார். தம்மிடமிருந்து திருடப்பட்ட பொருளுக்கே ஹாரிசன் இரட்டை விலை கொடுத்தார். அந்தப் பேரத்தில் யாருக்கு இலாபம் என்று சொல்வது எளிதல்ல. இன்றைய சந்தையில் 1958 லெஸ் பால் பெருந்தொகை பெறும். ஹாரிசனுக்கு அந்தக் கணக்கு முக்கியமாகப் படவில்லை. கடைசிவரை லூசி அவரோடு இருந்தது.

பீட்டில்ஸ் 1970இல் பிரிந்தது. அவ்வாண்டே அவர் தேக்கிவைத்த பாட்டுகள் எல்லாம் மூன்று இசைத்தட்டுகளாக வெளிவந்தன. 1971 ஆகஸ்ட் 1ஆம் நாள், கிழக்கு வங்காள அகதிகளுக்காக ரவி சங்கரின் வேண்டுகோளை ஏற்று நியூயார்க்கில் நிதி நிகழ்ச்சி நடத்தினார். இரு காட்சிகளுக்கும் சுமார் 40,000 பேர் வந்தார்கள். நுழைவுச்சீட்டில் மட்டும் 243,418 டாலர் திரண்டு யுனிசெஃப்புக்குப் போனது. இன்று உலகெங்கும் நடக்கும் நிதி திரட்டும் பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு அதுவே முன்னோடி. அந்த மேடையில் ஒரு பாட்டை இரண்டே இரண்டு மரக் கித்தார்களில், பக்கவாத்தியம் இல்லாமல் வாசித்தார்கள். ஒருவர் ஹாரிசன். மற்றவர் சிவப்பு எஸ்.ஜி.யைப் பரிசாகப் பெற்ற பீட் ஹாம்.

தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய பகுதி 1974இல் வருகிறது. ஹாரிசனின் வட அமெரிக்க இசைப்பயணத்தில் நிகழ்ச்சியின் ஒரு பங்கு ரவி சங்கர் தலைமையிலான இந்தியக் கலைஞர்களுக்கு ஒதுக்கப்பட்டது. வயலின் எல். சுப்ரமணியம், மிருதங்கம் டி.வி. கோபாலகிருஷ்ணன், பாட்டு லட்சுமி சங்கர். பயணத்தின் நடுவே ரவி சங்கருக்கு இதயக் கோளாறு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தபோது, குழுவை வழிநடத்தியவர் லட்சுமி சங்கர்தான். அமெரிக்கக் கூட்டமோ பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டுக் கத்தியது. ஹாரிசனின் தொண்டை கட்டிப்போயிருந்தது. நாளேடுகள் கடுமையாக எழுதின. அவர் இந்தியக் கலைஞர்களை நிகழ்ச்சியிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் இன்னொரு முறை இசைப்பயணம் போகவும் இல்லை. 1996இல் ரவி சங்கரின் வேத மந்திர இசைத்தொகுப்பு ஒன்றைத் தயாரிப்பதற்காகச் சென்னைக்கு வந்து ஒலிப்பதிவில் உடனிருந்தார். உலகப் புகழ்பெற்ற கித்தார்க் கலைஞர் நம்மவர் நடுவில் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டிருந்த அந்த நாள்களைப் பற்றி நம் இதழ்களில் அதிகம் படித்த நினைவில்லை.

கொடுத்த கித்தார்கள் என்னவாயின? 1980களில் ஹாரிசன் தம் பழைய கிரெட்சை நினைத்துக்கொண்டார். ஃபோர்மன் திருப்பித் தந்தார். 1987இல் வந்த கிளவுட் நைன் தொகுப்பின் அட்டையில், கப்பல்காரரிடம் கடன் சொல்லி வாங்கிய அதே கறுப்புக் கித்தாரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

பீட் ஹாமின் கதை துயரமானது. பாட்டெழுதிப் புகழ் பெற்றும் மேலாளருடனான ஒப்பந்தச் சிக்கலில் கையில் காசில்லாமல் போனது. 1975 ஏப்ரலில், இருபத்தேழு வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எஸ்.ஜி. அவருடைய சகோதரரிடம் பல்லாண்டு இருந்தது. 2004 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலம் போனது. விலை 567,500 டாலர். அந்தத் தொகையில் ஒரு சிறு பகுதி 1975இல் ஹாம் கையில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் 1975இல் அது வெறும் பழைய கித்தார். ஹாரிசன் உயிரோடு இருந்தார், புதிதாக இன்னொன்று கேட்டாலும் கொடுத்திருப்பார். அவர் இறந்த பிறகுதான் விலை ஏறியது.

அவருடைய கடைசி ஆண்டுகளில் நடந்ததும் இதைச் சேர்ந்ததே. 1999 டிசம்பர் 30ஆம் நாள் வீட்டுக்குள் புகுந்த ஒருவனால் கத்திக்குத்துப்பட்டார். மனைவி ஒலிவியா எதிர்த்துப் போராடிக் காப்பாற்றினார். புற்றுநோய் பரவியிருந்தது. 2001இல் நியூயார்க் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது, மருத்துவர் ஒருவர் தம் பிள்ளையின் கித்தாரைக் கொண்டுவந்து அதில் கையெழுத்துப் போட வைத்தார் என்பது பின்னர்க் குடும்பத்தார் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு. எழுதக் கை வராத நிலையில் இருந்தவரிடம் அப்படிச் செய்தார் என்றார்கள். 2004இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. அந்தக் கித்தார் எந்த ஏலத்துக்கும் போகாதபடி அப்புறப்படுத்தப்பட்டது. ஹாரிசன் பெயர் சேர்ந்ததால் விலை ஏறிய கித்தார்கள் பல. அவர் பெயர் சேர்ந்ததாலேயே இல்லாமல் போன கித்தார் அது ஒன்றுதான்.

2001 நவம்பர் 29ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். வயது 58.

இரண்டு ஆண்டு கழித்து, பிராம்லெட்டுக்குக் கொடுத்த ஈட்டி மர டெலிகாஸ்டர் ஏலத்துக்கு வந்தது. 434,750 டாலருக்கு நடிகர் ஒருவர் எடுத்தார். யாருக்காக எடுத்தார் என்பது பிறகே தெரிந்தது. ஒலிவியாவுக்காக. கணவர் ஒருநாள் மகிழ்ச்சியில் தூக்கிக் கொடுத்த பொருளை மனைவி விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இதையெல்லாம் மாமாவிடம் ஒரு மாலை முழுக்கச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். அந்தப் பியூச்சுராமா ஹாரிசனுடையதுதான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? அதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்றேன். பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி, மரத்தின் இழை ஓடும் விதம், கீறல், வண்ணம் பெயர்ந்த இடம் எல்லாவற்றையும் கருவியோடு ஒப்பிடுவார்கள். மரத்தின் இழை மனிதரின் கைரேகை போன்றது, ஒன்றுபோல் ஒன்று இராது. அதோடு வரிசை எண், கடிதம், இரசீது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலி. சங்கிலி அறுந்தால் விலையும் அறுந்துவிடும்.

மாமா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள். செந்தூலில் ஏதோ ஒரு மேடையில் மெலிந்த இளைஞராக அவர், கழுத்தில் அந்தக் கித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். இடப்பக்கக் கொம்பில் பிறைவடிவக் கீறல் படத்திலும் இருந்தது, கித்தாரிலும் இருந்தது. பட்டறையின் இரும்பு மேசையில் இடித்துக்கொண்டதாம், சம்பள நாளாம். அன்றிரவு அவர் ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். எந்த ஊர், எந்தக் கோயில் திருவிழா, யார் வீட்டுக் கல்யாணம், யார் பாடினார்கள், எந்த ஆண்டு. இரண்டு தாள் நிறைந்தது. அதில் அவர் பணம் வாங்காமல் வாசித்த இடங்களுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கித்தாரை வாங்கிக்கொண்டவன் ரவாங்கிலிருந்து வந்த கல்லூரிப் பையன். 400 வெள்ளி பேசினான். அந்தக் காலத்து ஜப்பான் கித்தாரின் பிக்கப்பில் வரும் கரகரப்பான ஒலி இப்போது கிடைப்பதில்லை என்று சொன்னான். மாமா 50 வெள்ளியைக் குறைத்துக்கொண்டு, படத்தின் நகலையும் அந்த இரண்டு தாள்களையும் உறையில் போட்டுக் கித்தார்ப் பெட்டிக்குள் வைத்தார். பையன் பெட்டியை மூடப்போனவன் நிறுத்தி, தாளை எடுத்து, வாசலில் நின்றபடியே படிக்கத் தொடங்கினான்.